கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதைச் சொல்லும் மங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன் மனைவி வாழ்க்கையை உள்ளபடி எழுதிய மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகள் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆசிரியர் பெயர்களை ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும்படி எழுதியிருக்கிறேன். கதைகளின் முடிவைச் சொல்லவில்லை. நடுவில் வரும் சில திருப்பங்களைத் தொடாமல் பேச முடியாது என்பதால் அவை வரும்.

மங்கா என்றால் நிஞ்சா, பேய், பள்ளிக்கூடக் காதல் இவைதானே? கல்யாண வாழ்க்கையெல்லாம் எழுதுகிறார்களா?

நிறைய எழுதுகிறார்கள். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பையன்களுக்கான பத்திரிகைகளில் வெளியானவை. ஜப்பானில் மங்கா பத்திரிகைகள் வாசகர் வயதைப் பார்த்தே நடத்தப்படுகின்றன. மார்னிங், மங்கா ஆக்‌ஷன் போன்றவை வேலைக்குப் போகும் ஆண்களை மனதில் வைத்து வருபவை. ஃபீல் யங், கிஸ் போன்றவை வளர்ந்த பெண்களுக்கானவை. இவற்றை வாங்குகிறவர்கள் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், மாமியாரோடு இருப்பவர்கள், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்கள் கதையும் அங்கே வராமல் இருக்குமா?

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் டப்பிங்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்த ஷின்-சான், 1990-ல் மங்கா ஆக்‌ஷனில் தொடங்கிய தொடர். அதாவது பெரியவர்களுக்கான பத்திரிகையில் வந்தது. அந்தப் பையனின் சேட்டையை ஒதுக்கிவிட்டு அம்மா மிசாயேவையும் அப்பா ஹிரோஷியையும் மட்டும் கவனியுங்கள். வீட்டுக் கடன் இன்னும் 32 வருஷம் பாக்கி. சம்பளம் முழுவதும் மனைவி கைக்குப் போய், கணவன் கைச்செலவுக்கு அவளிடம் வாங்கிக்கொள்கிறான். அவள் சிறுவாடு சேர்த்து ஒளித்து வைக்கிறாள். சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அடுத்த வேளை ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அது வெறும் சிரிப்பு. பெரியவர்கள் பார்த்தால் அது ஒரு கீழ்நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு.

'உள்ளபடி' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? கள்ளக்காதல், பழிவாங்கல் கதைகளும் இதில் சேருமா?

என் கணக்கில் சேராது. கணவனின் கள்ளத்தொடர்பைக் கண்டுபிடித்து மனைவி அவனை நடுத்தெருவில் நிறுத்தும் கதைகள் கைப்பேசி மங்கா செயலிகளில் குவிந்து கிடக்கின்றன. படிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது முதல் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. உண்மையான வீடு அப்படி இல்லை.

ஒரு மங்கா இந்த விஷயத்தில் நேர்மையானதா என்று பார்க்க நான் மூன்று விஷயங்களைக் கவனிப்பேன். பாத்திரம் கழுவுவது யார் என்று அது காட்டுகிறதா? பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிகிறதா? இருவரில் ஒருவருக்கு மட்டும் வாதாடாமல் இருக்கிறதா? கீழே வரும் கதைகளில் பல இந்த மூன்றிலும் தேறியவை. தேறாததை அங்கங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு கதைதான் படிப்பேன் என்றால் எது?

கோனோ ஃபுமியோவின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்'. 2007 முதல் 2009 வரை மங்கா ஆக்‌ஷனில் வந்தது. கதாபுச்சி சுனாவோ 2016-ல் அதை அனிமே படமாக எடுத்தார். போர்க்காலக் கதை என்றுதான் இதை எல்லோரும் அறிமுகம் செய்கிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு கல்யாணத்தின் கதை.

ஹிரோஷிமாவின் ஏபா பகுதியைச் சேர்ந்த சுஸு என்ற பெண், 1944 பிப்ரவரியில் குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். மாப்பிள்ளை ஷூசாகு கடற்படை நீதிமன்றத்தில் எழுத்தர். சுஸுவுக்கு அவனை முன்பின் தெரியாது. மாமியாருக்குக் கால் முடியாததால் வந்த மறுநாளிலிருந்தே வீட்டு வேலை முழுக்க அவள் தலையில். நாத்தனார் கெய்கோ வாய் துடுக்கானவள், புகுந்த வீட்டில் ஒத்துவராமல் சின்ன மகள் ஹாருமியோடு திரும்பி வந்துவிடுகிறாள். சுஸு சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்கிறாள். ஆனால் தலையில் ஒரு காசு அளவுக்கு முடி கொட்டிப்போகிறது. அவள் வாய் சொல்லாததை அந்த வழுக்கை சொல்லிவிடுகிறது.

அப்புறம் ரேஷன். அரிசி குறையக் குறைய அவள் காட்டுக் கீரைகளைப் பறித்து வந்து சமைப்பதையும், அரிசியை ஊற வைத்து உப்பச் செய்து அளவைக் கூட்டுவதையும் கோனோ படிப்படியாக வரைகிறார். அந்தச் சோறு வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது, எல்லோரும் பேசாமல் சாப்பிட்டு எழுகிறார்கள். புகுந்த வீட்டில் ஒரு பெண் இடம் பிடிப்பது எப்படி என்று இதைவிட நன்றாகச் சொன்ன மங்காவை நான் படித்ததில்லை.

இதற்குள்ளேயே தாம்பத்தியத்தின் முள்ளும் இருக்கிறது. ஷூசாகுவுக்குக் கல்யாணத்துக்கு முன் ரின் என்ற பெண்ணோடு பழக்கம் இருந்திருக்கிறது. ரின் விலைமாதர் தெருவில் இருப்பவள். அவளோடு சுஸு தற்செயலாகத் தோழியான பிறகுதான் இது மெல்ல மெல்லப் புரிகிறது. யாரும் வந்து சொல்வதில்லை, கணவனின் நோட்டுப் புத்தகத்தில் கிழிக்கப்பட்ட ஒரு மூலை போதும். மறுபக்கம், சுஸுவின் சிறுவயதுத் தோழன் மிசுஹாரா கடற்படை வீரனாக வீட்டுக்கு வந்து தங்கும் இரவு. போருக்குப் போகிறவன், திரும்புவானோ மாட்டானோ. ஷூசாகு தன் மனைவியை அவன் படுத்திருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறான். அது பெருந்தன்மையா, பொறாமையா, தன் பழைய குற்றத்துக்கான பரிகாரமா? கதை விளக்கம் சொல்வதில்லை. சுஸுவின் கோபம் பிறகு ஒரு ரயில் பயணத்தில் வெடிக்கிறது. அவர்களுடைய முதல் நிஜமான சண்டை அதுதான். அந்தப் பக்கத்தில்தான் அவர்கள் கணவன் மனைவியாகிறார்கள் என்று நினைக்கிறேன்.

1945-ல் ஒரு குண்டுவெடிப்பில் சுஸு தன் வலது கையை இழக்கிறாள். அவள் படம் வரைகிற பெண். அதற்குப் பிறகு கதையின் பின்னணிக் காட்சிகளைக் கோனோ தன் இடது கையால் வரைந்தார். கோடுகள் கோணிப்போகின்றன. ரின்னின் கதை வரும் அத்தியாயத்தை உதட்டுச்சாயத்தால் வரைந்தார். 2016 அனிமே படத்தில் ரின்னின் பகுதி பெரிதும் விடுபட்டது. 2019-ல் வந்த நீளமான பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். கல்யாணக் கதையாகப் பார்க்க விரும்பினால் அந்தப் பதிப்பையே பாருங்கள்.

மனைவி செய்யும் வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடுப்பதாக ஒரு கதை உண்டாமே?

உமினோ சுனாமியின் 'தி ஃபுல்-டைம் வைஃப் எஸ்கேபிஸ்ட்'. கிஸ் பத்திரிகையில் 2012-ல் தொடங்கியது. 2015-ல் கோதான்ஷா மங்கா விருது பெற்றது. 2016-ல் வந்த தொலைக்காட்சித் தொடர் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டது. அதில் நடித்த அராகாகி யுயியும் ஹோஷினோ கெனும் 2021-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மிகுரி உளவியலில் மேற்படிப்பு முடித்தவள். ஒப்பந்த வேலையும் போய்விடுகிறது. சுஸாகி என்ற கணினிப் பொறியாளரின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். பெற்றோர் வெளியூருக்குக் குடிபோகும்போது வேலையை விட மனமில்லாமல், கல்யாணத்தையே வேலை ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான், சரி என்கிறான். மாதச் சம்பளம் 1,94,000 யென், வேலை நேரம், விடுமுறை எல்லாம் காகிதத்தில். முழுநேர இல்லத்தரசியின் வேலையைப் பணமாக மதிப்பிட்டால் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் யென் ஆகும் என்ற ஜப்பான் அரசின் மதிப்பீட்டையும் கதை எடுத்துக்கொள்கிறது.

இதுவரை கேட்டால் வேடிக்கைக் கதை போலத் தெரியும். கூர்மை பிறகு வருகிறது. இருவருக்கும் உண்மையாகவே காதல் வந்து, அவன் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். செய்தால் எவ்வளவு மிச்சமாகும் என்றும் காட்டுகிறான். மிச்சமாவது எது? அவளுக்குக் கொடுத்துவந்த சம்பளம். அன்பு இருக்கிறது என்பதற்காக அதே வேலையைச் சும்மா செய்ய வேண்டுமா, அது அன்பை வைத்துச் சுரண்டுவதில்லையா என்று மிகுரி கேட்கிறாள். இதை ஒரு மங்கா நாயகி கேட்டுவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அந்தக் கேள்விக்குக் கதை சுலபமான பதில் தரவில்லை. இருவரும் வீட்டை ஒரு நிறுவனம் போலச் சேர்ந்து நடத்தலாம் என்று முயல்கிறார்கள். அதிலும் யார் வேலை எது என்று முட்டிக்கொள்கிறார்கள். 2019-ல் தொடர்ந்த இரண்டாம் பகுதி கர்ப்பம், அப்பாவுக்கான விடுப்பு, அதை அலுவலகம் பார்க்கும் பார்வை என்று போகிறது.

குறை என்றால் ஒன்று. சுஸாகி மிக நல்லவன். எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறவன். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

எடுத்துச் சொன்னாலும் கேட்காத கணவன் பற்றி?

அதற்கு நோஹாரா ஹிரோகோ. 'மனைவி என்னோடு பேசுவதில்லை' என்ற பொருளில் தலைப்பு வைத்து 2020-ல் ஒரு புத்தகம் வந்தது. அதற்கும் அவருடைய இன்னொரு புத்தகத்துக்கும் சேர்த்து 2021-ல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதின் குறும்படைப்புப் பரிசு கிடைத்தது.

கதை கணவன் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், பிள்ளைகளோடு சிரிக்கிறாள். அவனோடு மட்டும் தேவைக்கு ஒரு சொல், அவ்வளவுதான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. நாட்கள் வாரங்களாகி, வாரங்கள் வருடங்களாகின்றன. படிக்கிற நமக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. பிறகு அதே வருடங்கள் மனைவி பக்கத்திலிருந்து மறுபடி வருகின்றன. அவன் சொல்லி மறந்துபோன சின்னச் சின்னப் பேச்சுகள் ஒவ்வொன்றும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. பெரிய குற்றம் எதுவும் இல்லை. அடி இல்லை, குடி இல்லை. கைக்குழந்தையோடு அவள் திணறியபோது அவன் அங்கே இருந்தும் இல்லாமல் இருந்தான், அவ்வளவுதான்.

நோஹாராவின் ஓவியம் மிக எளிமையானது. புள்ளிக் கண், கோட்டு வாய். அதனால்தான் அது இவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முகத்தில் எதையும் காட்டாத மனைவியை, எதையும் காட்டாத முகமாகவே வரைந்துவிடுகிறார். திரைப்படத்தில் நடிகையின் கண்ணைப் பார்த்து நாம் கொஞ்சமாவது ஊகித்துவிடுவோம். இங்கே அந்தக் கணவனைப் போலவே நாமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இதைப் படித்துவிட்டு மனைவி பக்கம் முழு நியாயம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசாமல் இருப்பது ஒரு தண்டனை, அது பிள்ளைகளின் கண் முன்னே நடக்கிறது. ஆசிரியருக்கும் அது தெரியும். அதனால்தான் முதல் பாதியை அவனுக்குக் கொடுத்தார்.

கணவன் மனைவிக்குள் உடல் நெருக்கம் இல்லாமல் போவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் மங்கா உண்டா?

இரண்டு முக்கியமானவை. இரண்டும் வயது வந்தவர்களுக்கு மட்டும்.

வதனபே பெகோவின் '1122', 2016 முதல் 2020 வரை வந்தது, 7 பாகங்கள். நவம்பர் 22 ஜப்பானில் தம்பதியர் தினம், தலைப்பு அதைக் குறிக்கிறது. இச்சிகோவும் ஓதோயாவும் கல்யாணமாகி ஏழு வருடம் ஆனவர்கள், குழந்தை இல்லை, நல்ல சிநேகிதர்கள். ஆனால் படுக்கையில் எதுவும் இல்லை. மனைவியின் சம்மதத்தோடு கணவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள். விதிகள் பேசி வைத்திருக்கிறார்கள். இது அதிர்ச்சிக்காக வைத்த ஏற்பாடு என்று நினைத்துத்தான் பலர் திறக்கிறார்கள். உள்ளே போனால் அது ஒரு கேள்வி: எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொண்டால் வலிக்காது என்பது உண்மையா? அவன் மனம் அந்தப் பெண்ணிடம் சாயத் தொடங்கியதும் விதிகள் எதற்கும் உதவவில்லை. இச்சிகோவும் ஒருகாலத்தில் அவன் நெருங்கியபோது தட்டிவிட்டவள்தான், அதைக் கதை மறைக்கவில்லை. அந்தக் காதலி மிட்சுகிக்கும் ஒரு வீடு, கைகொடுக்காத கணவன், தனியாகச் சுமக்கும் பிள்ளை வளர்ப்பு எல்லாம் உண்டு. வில்லி என்று ஒதுக்க முடியாது. 2024-ல் இது இணையத் தொடராகவும் வந்தது.

இன்னொன்று ஹாருனோ ஹாரு வரைந்த 'அனாதா கா ஷிதே குரெனாகுதெமோ', 2017-ல் மங்கா ஆக்‌ஷனில் தொடங்கியது. மிச்சி என்ற பெண்ணைக் கணவன் தொடுவதில்லை. அவளுடைய அலுவலக மூத்தவர் நீனாவை அவர் மனைவி தொடவிடுவதில்லை. ஏங்குகிறவர்களையும் விலகுகிறவர்களையும் இரண்டு வீட்டில் மாற்றி வைத்ததால், ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று யாரும் பேச முடியாமல் போகிறது. அந்த ஏற்பாடு பிரமாதம். தொடர் நீள நீளக் கொஞ்சம் இழுவையாகிறது. முதல் சில பாகங்களே போதும் என்பேன்.

கணவனுக்கு மனச்சோர்வு, குடி என்று வந்தால்?

ஹொசொகாவா தென்தென் தன் சொந்தக் கதையை 2006-ல் வரைந்தார். 'என் துணைக்கு மனச்சோர்வு வந்துவிட்டது' என்பது தலைப்பின் பொருள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் கணவன் ஒரு நாள் சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறான். வேலையை விடு, விடாவிட்டால் விவாகரத்து என்று அவள் சொல்லிவிடுகிறாள். அவளுக்கோ பெரிய வருமானம் இல்லை. நோய் நேராக குணமாவதில்லை, இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் போர்வைக்குள் போய்விடும். அதைச் சலிப்பும் சிரிப்புமாக, மனைவியின் எரிச்சலையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஜப்பானில் மனச்சோர்வைப் பற்றி வீடுகளில் பேச இந்தப் புத்தகம் வழி செய்தது. 2009-ல் தொலைக்காட்சித் தொடராகவும் 2011-ல் படமாகவும் வந்தது.

அஸுமா ஹிதேயோவின் 'டிஸப்பியரன்ஸ் டைரி' வேறு மாதிரி. புகழ்பெற்ற மங்கா ஓவியர், 1989-லும் 1992-லும் வீட்டை விட்டு ஓடிப்போய்க் காட்டிலும் தெருவிலும் வாழ்ந்தவர். 1998-ல் குடிநோய்க்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2005-ல் இதையெல்லாம் வேடிக்கை போல வரைந்தார். மேலே சொன்ன தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது 2006-ல் இதற்குக் கிடைத்தது. அந்தப் புத்தகத்தில் மனைவி மிகக் குறைவாகவே வருகிறார். ஓடிப்போனவர் சொல்லும் கதையில் காத்திருந்தவருக்குப் பக்கம் இல்லை. நான் மேலே சொன்ன மூன்றாவது சோதனையில் இது தேறாது. ஆனாலும் படிக்கச் சொல்வேன், அவர் மனைவி எப்படிச் சமாளித்தார் என்ற கேள்வியோடு.

சம்பாதிக்காத கணவன்?

சுகே யோஷிஹாருவின் 'தி மேன் விதவுட் டேலண்ட்', 1985-86. மங்கா வரைவதை விட்டுவிட்ட ஒருவன், தாமா ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை அதே ஆற்றங்கரையில் கடை போட்டு விற்கிறான். யார் வாங்குவார்கள்? மனைவி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விளம்பர நோட்டீஸ் போட்டு ஓட்டுகிறாள், வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். மூக்கொழுகும் மகன் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட ஆற்றுக்கு வருகிறான். மூவரும் ஒரு சின்னப் பயணம் போகும் அத்தியாயம் ஒன்று உண்டு. இந்த மூன்று பேரும் இன்னும் ஏன் சேர்ந்திருக்கிறார்கள் என்று அங்கே தெரியும்.

வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளே இல்லையா?

உண்டு. உயேயாமா தோச்சியின் 'குக்கிங் பாப்பா' 1985 முதல் மார்னிங்கில் வருகிறது. ஹகாதா ஊரில் அலுவலகம் போகும் அராயிவாதான் வீட்டில் சமையல். மனைவி நிஜிகோ பத்திரிகையாளர், அவருக்குச் சமையல் வராது. ஆனால் அலுவலகத்தில் டிஃபன் டப்பாவைத் திறந்து எல்லோரும் பாராட்டும்போது, மனைவி செய்தது என்று சொல்லி வைக்கிறான் அராயிவா. பல வருடம் அந்தப் பொய் ஓடுகிறது. ஒரு ஆண் சமைப்பது அன்று எவ்வளவு சொல்லக்கூடாத விஷயம் என்பதற்கு இந்தப் பொய்யே சாட்சி.

யோஷினாகா ஃபுமியின் 'வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?' 2007-ல் தொடங்கியது. வழக்கறிஞர் ஷிரோ, முடிதிருத்தும் கலைஞர் கென்ஜி, நடுவயது ஆண் ஜோடி. ஜப்பானில் ஒரே பாலினத்தவர் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. 2015-ல் டோக்கியோவின் ஷிபுயா, செதகாயா வட்டாரங்கள் இணைவுச் சான்று தரத் தொடங்கின, அது கல்யாணம் ஆகாது. ஆனால் இவர்கள் வீட்டைவிடக் கல்யாணமான வீடு வேறு கிடையாது. மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னுக்குள் நிற்க வேண்டும் என்று ஷிரோ கடைகடையாக விலை பார்க்கிறார். ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவர் ஒதுங்குவதும், வெளிப்படையாக இருக்கும் கென்ஜி அதில் காயப்படுவதும் ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கதாபாத்திரங்களுக்கு நிஜ வருடங்களோடு சேர்ந்தே வயதாகிறது. நாற்பதுகளில் தொடங்கியவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். சாப்பாட்டில் எண்ணெய் குறைகிறது, பெற்றோர் தளர்கிறார்கள், உயில் பற்றிப் பேச்சு வருகிறது. தொடர்கதை என்ற வடிவத்தின் பலமே இதுதான். ஒரு திரைப்படத்தால் இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு வருடங்களைக் காட்ட முடியாது.

விவாகரத்துக் காட்சிகளில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்களே, நிஜமாகவே அப்படித்தானா?

ஆமாம். இருவரும் சம்மதித்தால் ஜப்பானில் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு படிவத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தால் போதும். பெரும்பாலான விவாகரத்துகள் அங்கே இப்படித்தான் நடக்கின்றன. அதனால்தான் நிரப்பி மேஜை இழுப்பறையில் வைத்த படிவம் ஒன்று மங்காவில் அடிக்கடி தலைகாட்டும். கொடுக்கிற அன்றைக்குத்தான் அது செல்லும், அதுவரை அந்தக் காகிதத்தோடு ஒரே வீட்டில் வாழலாம். நம் ஊரில் வருடக்கணக்கில் குடும்ப நீதிமன்றம் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகலாம், அதனால் சொல்கிறேன்.

இரண்டு விஷயம் கூடத் தெரிந்திருந்தால் நல்லது. பிரிந்தபின் பிள்ளையின் பொறுப்பு பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் என்பதே நெடுநாள் சட்டம். இருவரும் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் திருத்தம் 2024-ல்தான் நிறைவேறியது. வயதான பெண்கள் பிரியும் கதைகளில் ஓய்வூதியப் பேச்சு வருவதற்குக் காரணம், மணமுறிவின்போது ஓய்வூதியத்தைப் பிரித்துக்கொள்ளும் முறை 2007-ல் வந்ததுதான்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து?

ஹாருகி எத்சுமியின் 'ஜாரின்கோ சியே', 1978-ல் தொடங்கி 1997 வரை. ஒசாகாவில் அப்பா சூதாடியும் சண்டை போட்டும் திரிய, பள்ளிக்கூடம் போகும் சியே குடல்கறி சுடும் கடையைத் தானே நடத்துகிறாள். பிரிந்துபோன அம்மாவை அப்பாவுக்குத் தெரியாமல் சந்திக்கிறாள். ரொம்பச் சிரிக்க வைக்கும் தொடர். பெற்றோரை வளர்க்கும் பிள்ளை எப்படி இருப்பாள் என்று அதில் தெரியும்.

தனிகுச்சி ஜிரோவின் 'எ டிஸ்டண்ட் நெய்பர்ஹுட்' 1998. 48 வயதுக்காரர் ஒருவர் மாறி ஏறிய ரயிலில் சொந்த ஊர் குராயோஷிக்குப் போய், 14 வயதுப் பையனாக விழித்துக்கொள்கிறார். அந்த வருடம்தான் அப்பா வீட்டை விட்டுக் காணாமல் போனார். தடுக்கலாம் என்று பார்க்கிறார். ஏன் போனார் என்று நெருங்க நெருங்க, குடியும் வேலையுமாகத் தன் மனைவி மக்களை விட்டு விலகியிருக்கும் தன்னையே பார்க்கிறார். மாயம் கலந்த கதைதான், ஆனாலும் அப்பாவைக் குற்றவாளியாக்காமல் புரிந்துகொள்ள முயன்ற விதத்துக்காக இந்தப் பட்டியலில் வைக்கிறேன்.

சந்தோஷமான கல்யாணம் எதுவும் இல்லையா? எல்லாமே பாரமாக இருக்கிறதே.

அன்னோ மோயோகோவின் 'இன்ஸஃபிஷியன்ட் டைரக்‌ஷன்' படியுங்கள். எவாஞ்சலியன் என்ற அனிமே தொடரின் இயக்குநர் அன்னோ ஹிதேயாகியை 2002-ல் மணந்த பிறகு வீட்டில் நடந்ததை வரைந்தது. ஒரேயடியாகப் பொம்மை, பழைய தொடர்களின் பாட்டு என்று வாழும் மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? அவரைத் திருத்தப் போனவர் தானும் அந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிடுகிறார். அதே ஆசிரியரின் 'ஹேப்பி மேனியா' நாயகி, அதன் பிற்காலத் தொடரில் 45 வயதில், கணவன் விவாகரத்து கேட்கும் இடத்தில் நிற்கிறாள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

ஸ்பை ஃபேமிலி, டோனிகாகு கவாயி போன்ற மங்கா இதில் வராதா?

இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலாவது போலிக் கல்யாணத்தை வைத்த சாகசம், இரண்டாவது புதுமணத் தம்பதியின் தேன்நிலவு. கேட்கிற விஷயம் அவற்றில் இல்லை.

எந்த மொழியில் கிடைக்கும்?

'குக்கிங் பாப்பா', 'ஜாரின்கோ சியே', ஹாருனோ ஹாரு, நோஹாரா, ஹொசொகாவா ஆகியோரின் கதைகள், 'ஹேப்பி மேனியா'வின் பிற்காலத் தொடர் ஆகியவை தவிர, மேலே விரிவாகச் சொன்ன மற்றவை ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. '1122', உமினோ சுனாமியின் தொடர் இரண்டும் மின்னூலாக. ஹொசொகாவாவின் கதையைப் படமாகப் பார்க்கலாம். உரிமம் பெற்ற பதிப்பாகவே வாங்குங்கள், இந்த மாதிரிக் கதைகளுக்கு வாசகர் கூட்டம் சிறியது.

கணவன் மனைவி சேர்ந்து படிக்க எது?

'வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?' முதலில். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு சமையல் குறிப்பு இருக்கும், வாரத்துக்கு ஒன்றாக எடுத்துச் செய்தும் பார்க்கலாம், யார் நறுக்குவது என்பதில் பேச்சு தானாகத் தொடங்கும். அடுத்து உமினோ சுனாமி. '1122'-ஐ மட்டும் சேர்ந்து தொடங்க வேண்டாம். ஒருவர் முதலில் படித்து முடியுங்கள், மற்றவர் இப்போது அதைப் படிக்கிற மனநிலையில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.